டயாப்லோ 2 ரெசரக்டெட்: மொரீஷியஸிலிருந்து ஆடத் தொடங்குபவருக்கு முதல் பில்ட்

அரக்கர்களை வெட்டிப் பொருள் சேர்க்கும் கணினி ஆட்டமான டயாப்லோ 2 முதன்முதலில் வந்தது 2000இல். ரெசரக்டெட் என்ற புதுப்பதிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. படமும் ஒலியும் புதிதானாலும் உள்ளே ஓடும் கணக்கு பெரும்பாலும் பழையதுதான். இந்தக் கணக்கு புரியாமல் புள்ளிகளைப் போட்டுக்கொண்டே போகிறவர், நார்மல், நைட்மேர், ஹெல் என்ற மூன்று கடினநிலைகளில் நார்மலைத் தாண்டிவிடுவார், நைட்மேரில் மூச்சு வாங்குவார், ஹெல்லின் முதல் புல்வெளியிலேயே நின்றுவிடுவார். குறை பெரும்பாலும் கையில் இருக்காது, முதல் நாளில் போட்ட திட்டத்தில்தான் இருக்கும்.

எனவே முதல் பில்டுக்கு (ஒரு கதாபாத்திரத்துக்குப் புள்ளியும் பொருளும் சேர்க்கும் திட்டம்) நாங்கள் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: நல்ல பொருள் ஒன்றும் இல்லாமல் ஹெல் வரை போய், அங்கே இரண்டாவது பில்டுக்கான பொருளைச் சம்பாதித்துத் தர வேண்டும். இணையத்தில் 'எது பலமான பில்ட்' என்று தேடினால் வரும் பட்டியல்களில் பல, அரிய ரூன்களை (பொருளில் பொருத்தும் மந்திரக் கற்கள்) எல்லாம் ஏற்கெனவே சேர்த்துவைத்திருப்பவருக்கானவை. இன்று கணக்குத் தொடங்குகிறவருக்கு அவை உதவாது.

ஆன்லைனா, ஆஃப்லைனா?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆஃப்லைனில் உருவாக்கிய கதாபாத்திரத்தைப் பிறகு ஆன்லைனுக்குக் கொண்டுபோக முடியாது, ஆன்லைனில் உருவாக்கியதை ஆஃப்லைனுக்கும் கொண்டுவர முடியாது. நம் தீவில் இந்த ஆட்டத்துக்கு சர்வர் கிடையாது. எந்தப் பகுதியைத் தேர்ந்தாலும் நாம் அழுத்தும் ஒவ்வொரு கட்டளையும் கடலடிக் கம்பியில் நெடுந்தூரம் போய்த்தான் திரும்புகிறது. சாதாரணமாக ஆடும்போது இது உறுத்தாது. அரக்கன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது உறுத்தும்: நீங்கள் நகர்ந்துவிட்டதாகத் திரையில் தெரியும், சர்வரின் கணக்கில் பழைய இடத்திலேயே நிற்பீர்கள், அடி விழும். அருகில் நின்று வெட்டும் பில்டுகள் இதில்தான் அதிகம் சாகின்றன. செத்தால் கதாபாத்திரமே போய்விடும் ஹார்ட்கோர் வகையை ஆன்லைனில் ஆட நினைப்பவர் புயல் காலத்தில் அதைத் தள்ளிவைப்பது நல்லது. மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்த வீட்டில் மின்சாரமும் இணையமும் எந்த நொடியில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

புதியவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஆஃப்லைன். இரண்டு காரணம். வரைபடம் மாறாது. ஒரு கதாபாத்திரத்துக்கு உருவான வரைபடம், நீங்கள் கடினநிலையை மாற்றும் வரை அப்படியே இருக்கும். ரூன் தரும் அரக்கி கவுண்டஸின் கோபுரம் வழிப்புள்ளிக்கு (இடம் விட்டு இடம் தாவும் தளம்) பக்கத்தில் அமைந்துவிட்டால் அதை நாள் முழுக்கப் பயன்படுத்தலாம். இரண்டாவது, கணினியில் அரட்டைப் பெட்டியைத் திறந்து, சாய்கோடு போட்டு 'பிளேயர்ஸ் 3' என்று தட்டினால், மூன்று பேர் ஆடுவதுபோல ஆட்டம் மாறும். கூடுதலாகும் ஒவ்வோர் ஆளுக்கும் அரக்கனின் உயிர் 50% கூடும், அனுபவப் புள்ளியும் 50% கூடும். அதாவது 3 என்றால் இரண்டுமே இரட்டிப்பு. தனியாக ஆடும்போது பொருள் விழும் வாய்ப்பு 3, 5, 7 என்ற ஒற்றை எண்களில்தான் ஏறுகிறது. 4 போட்டால் அரக்கன் மட்டும் தடிப்பான், பொருள் விழுவதில் மாற்றம் இருக்காது.

இன்னொன்று. நம்மில் பலர் ஆட்டத்தைப் பிரெஞ்சில் வைத்து ஆடுவது வழக்கம். அப்படியானால் திறன்களின் பெயர் மாறும், திறன் மரத்தில் (திறன்களின் கிளைப்பட்டியல்) அவை இருக்கும் இடமும் திறக்கும் லெவலும் மாறாது. அதனால் கீழே தேவையான இடங்களில் லெவலையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

எந்த வகுப்பு?

அமேசான், அசாசின், பார்பேரியன், டுருயிட், நெக்ரோமேன்சர், பாலடின், சோர்சரஸ் என்ற பழைய ஏழில், பொருள் இல்லாமல் தொடங்குகிறவர் இரண்டைப் பார்த்தால் போதும். ஒன்று பிளிஸார்ட் சோர்சரஸ். இன்னொன்று எலும்புப் படை நெக்ரோமேன்சர். வேகமாகப் போய்ப் பெரிய தலைகளை (தலைமை அரக்கர்களை) மட்டும் வெட்டிப் பொருள் தேட விரும்பினால் முன்னது. நிதானமாக, சாகாமல் ஆட விரும்பினால் பின்னது. ஹாமர் பாலடின் இவற்றைவிட வலியது, அவனுடைய மாய அடியைத் தடுக்கும் அரக்கர் மிகக் குறைவு. ஆனால் சுத்தியல் சுழன்று விரிந்து போகும், நேராகப் போகாது. எதிரியை அந்தச் சுழற்சியில் நிறுத்தக் கை பழக வேண்டும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். வாளைச் சுழற்றும் பார்பேரியன் முழுக்க முழுக்க ஆயுதத்தை நம்பியவன். ஆயுதம் இல்லாமல் அவனைத் தொடங்குவது வீண் அலைச்சல்.

ஸ்டாட் புள்ளி: எல்லாரும் தவறுகிற இடம்

ஒவ்வொரு லெவலுக்கும் 5 ஸ்டாட் புள்ளி, 1 திறன் புள்ளி. சோர்சரஸ் மந்திரக்காரி ஆயிற்றே, மானா (மந்திரம் போடும் சக்தி) தேவைப்படுமே என்று எனர்ஜியில் போடுவதுதான் புதியவரின் முதல் தவறு. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

லெவல் 60, நைட்மேர் முடிந்தது என்று வையுங்கள். 59 லெவலுக்கு 295 புள்ளி. ஆக்ட் 3இல் (கதையின் மூன்றாம் பகுதி) லாம் எசென் நூலைத் திருப்பிக் கொடுத்தால் கடினநிலைக்கு 5 வீதம் 10. ஆக 305. ஸ்ட்ரெங்த்தை 10இலிருந்து 60க்கு ஏற்ற 50 போகும். அந்த 60 இருந்தால் நான்கு வரிசை மருந்து வைக்கும் பிளேட்டட் பெல்ட் கட்டலாம். மிச்சம் 255. சோர்சரஸுக்கு ஒரு விடாலிட்டி புள்ளி 2 உயிர் தரும். எல்லாவற்றையும் அதில் போட்டால் 510 வரும். தொடக்க உயிர் 40, லெவல் ஏறியதற்கு 59, தங்கப் பறவைப் பணி இரண்டு முறை முடித்ததற்கு 40 சேர்த்தால் 649. அதே 255இல் 125ஐ எனர்ஜியில் போட்டவருக்கு உயிர் 399. மானா 250 கூடியிருக்கும், உண்மைதான். ஆனால் ஹெல்லில் 399 உயிரோடு நுழைபவள் ஒரே மின்னல் வீச்சில் விழுவாள். அந்த மானாவைப் பின்னால் ஒரு வாளும், தங்கம் கொடுத்து எடுக்கும் கூலிப்படையாளின் நீள்கைப்பிடி ஆயுதமும் சும்மாவே தந்துவிடும்.

ஆகவே விதி சுருக்கமானது. எனர்ஜியில் ஒரு புள்ளியும் வேண்டாம். ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி இரண்டிலும், கையில் இப்போது இருக்கிற பொருளை அணியத் தேவையான அளவு மட்டும். மீதி எல்லாம் விடாலிட்டி. 'நாளை மொனார்க் கேடயம் கிடைக்கும்' என்று இன்றே ஸ்ட்ரெங்த்தை 156க்கு ஏற்றிவைக்காதீர்கள்.

பிளிஸார்ட் சோர்சரஸ்: புள்ளி போடும் வரிசை

இந்த பில்டின் அழகு, வழியில் பயன்படுத்தும் திறன்கள் எல்லாம் கடைசியில் பிளிஸார்டுக்கே வலு சேர்ப்பது. ஐஸ் போல்ட் (லெவல் 1), ஐஸ் பிளாஸ்ட் (6), கிளேஷியல் ஸ்பைக் (18) மூன்றும் பிளிஸார்டின் (24) சேதத்தைப் புள்ளிக்கு 5% வீதம் ஏற்றுபவை. அதனால் லெவல் 24 வரை போடும் புள்ளியும் வீணாகாது.

முதல் ஐந்து லெவலில் ஐஸ் போல்டில் மூன்று நான்கு. லெவல் 6 வந்ததும் ஐஸ் பிளாஸ்டுக்கு மாறி அதிலேயே ஏற்றுங்கள். இடையில் ஒரே ஒரு புள்ளி வீதம் வார்ம்த், ஃப்ரோஸன் ஆர்மர், ஃப்ராஸ்ட் நோவா, ஸ்டாட்டிக் ஃபீல்ட், டெலிகினிசிஸ். இவற்றில் ஸ்டாட்டிக் ஃபீல்டைப் புதியவர்கள் ஏனோ ஒதுக்கிவிடுகிறார்கள். அது எதிரியின் அப்போதைய உயிரில் கால் பங்கைப் பிடுங்கும், நார்மலில் பெருந்தலைகளைச் சாய்க்க அதைவிட மலிவான வழி இல்லை. நைட்மேரில் உயிர் 33%க்குக் கீழும், ஹெல்லில் 50%க்குக் கீழும் அது வேலை செய்யாது. அதற்குக் கூடுதல் புள்ளி போடாததன் காரணம் இதுதான்.

லெவல் 18இல் டெலிபோர்ட் ஒன்று, கிளேஷியல் ஸ்பைக்கில் கொஞ்சம். 24இல் பிளிஸார்ட் திறக்கும். அதற்கு ஃப்ராஸ்ட் நோவாவும் கிளேஷியல் ஸ்பைக்கும் முன்தேவை, மறந்துவிட்டால் மரம் திறக்காது. அன்றிலிருந்து பிளிஸார்ட் 20 ஆகும் வரை வேறெதையும் தொடாதீர்கள். 30இல் கோல்ட் மாஸ்டரிக்கு ஒன்று. அது எதிரியின் குளிர்த்தடுப்பை முதல் புள்ளியில் 20%, பிறகு புள்ளிக்கு 5% குறைக்கும். பிளிஸார்ட் நிறைந்த பிறகு கிளேஷியல் ஸ்பைக் 20, ஐஸ் பிளாஸ்ட் 20, கடைசியாக ஐஸ் போல்ட்.

மொத்தக் கணக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பணிகளில் கிடைக்கும் திறன் புள்ளி ஒரு கடினநிலைக்கு 4: டென் ஆஃப் ஈவிலில் 1, ராடமெண்டில் 1, இசுவலில் 2. மூன்று நிலைக்கும் 12. லெவல் 80இல் 79 + 12 = 91. நான்கு திறனும் 20 ஆனால் 80, ஒற்றைப் புள்ளிகள் 6, மீதம் 5 கோல்ட் மாஸ்டரிக்கு. இடமே இல்லை என்பது தெரிகிறதா? இதில் 'கொஞ்சம் நெருப்பும் இருக்கட்டும்' என்று ஃபயர் பால் பக்கம் பத்துப் புள்ளி போனால் இரண்டும் அரைவேக்காடு. வாழையிலையில் ஏழு கறி வைத்தால்தான் விருந்து. திறன் மரத்தில் ஏழு கறி வைத்தவர் நைட்மேரைத் தாண்டுவதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். ஒரு திறன் இன்னொன்றுக்குத் தரும் வலு, நீங்கள் கையால் போட்ட புள்ளிக்கு மட்டும்தான். பொருள்களில் வரும் '+2 எல்லாத் திறனும்' அதில் சேராது. மாறாக, டெலிபோர்ட், வார்ம்த் போன்ற ஒற்றைப் புள்ளித் திறன்களுக்கு அந்த +2 முழுசாகச் சேரும். ஆகவே அவற்றில் ஒன்றோடு நிறுத்தலாம்.

பிளிஸார்டைப் போட்டால் அடுத்ததைப் போட 1.8 விநாடி காக்க வேண்டும். அந்த இடைவெளியில் கிளேஷியல் ஸ்பைக் எறிந்து எதிரியை உறையவைத்துவிட்டு விலகுங்கள். எதிரி நிற்கும் இடத்தில் போடாமல் அவன் ஓடி வரப்போகும் இடத்தில் போட்டுப் பழகினால், இணையத் தாமதம்கூடப் பெரிதாகத் தெரியாது. பனி விழுகிற இடத்துக்கு அவனே வந்து நிற்பான். தொலைவிலிருந்து ஆடும் நமக்கு இந்த பில்ட் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறை ஒன்று உண்டு. ஹெல்லில் பல அரக்கர்கள் குளிருக்கு முற்றிலும் அசையாதவர்கள். கோல்ட் மாஸ்டரி அந்த முழுத்தடுப்பை உடைக்காது. அவர்களைக் கூலிப்படையாளிடம் விடுங்கள், இல்லையேல் டெலிபோர்ட் செய்து தாண்டிப் போங்கள். பொருள் தேட அரக்கத் தலைவன் மெஃபிஸ்டோவும், ஆக்ட் 2இன் லாஸ்ட் சிட்டியில் இறங்கும் ஏன்ஷியன்ட் டனல்ஸும் இவளுக்கு ஏற்றவை.

நெக்ரோமேன்சர்: அவசரம் இல்லாதவருக்கு

ரெய்ஸ் ஸ்கெலிட்டன் (1), ஸ்கெலிட்டன் மாஸ்டரி (1) இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு இரண்டையும் 20 ஆக்குங்கள். ஆம்ப்ளிஃபை டேமேஜ் சாபத்துக்கு ஒன்று. லெவல் 6இல் கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷன் ஒன்று. அதற்கு டீத் முன்தேவை. படை 20, 20 ஆன பிறகு மீதி எல்லாம் கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷனுக்கே. முதல் பிணம் விழும் வரை எலும்புப் படை மெதுவாகத்தான் வெட்டும். விழுந்ததும் சாபம் போட்டுப் பிணத்தை வெடித்தால், அதன் உயிரின் அளவுக்கேற்ற அடி சுற்றியிருப்பவர் மேல் பாயும், பாதி நெருப்பாக, பாதி உடல் அடியாக. அரக்கன் எவ்வளவு பெரியவனோ வெடியும் அவ்வளவு பெரிது. அதனால் இது ஹெல்லிலும் வலு குறையாது. ஆக்ட் 2இல் தலைமை அரக்கன் டூரியல் முன்னால் எலும்புகள் பொடிப்பொடியாகும்போது கலங்க வேண்டாம், கிளே கோலம் (6) என்ற களிமண் உருவத்தை முன்னால் நிறுத்துங்கள். அது தொட்டவனின் வேகத்தைக் குறைக்கும். கடை வைத்திருக்கும் அக்காராவிடமும் ட்ரொக்னானிடமும் மந்திரக்கோல்களை அவ்வப்போது பாருங்கள். ரெய்ஸ் ஸ்கெலிட்டனுக்குக் கூடுதல் தரும் கோல் கடையிலேயே கிடைக்கும், தங்கம்தான் செலவு.

நான்கு ரூன்வேர்டுகள் போதும்

ரூன்வேர்டு என்பது, சரியான வகைப் பொருளில், சரியான எண்ணிக்கைத் துளையில், சரியான வரிசையில் ரூன்களைப் பொருத்தினால் உண்டாவது. மூன்றில் ஒன்று தவறினாலும் ரூன் வீண். பொருள் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பெயரில் இருக்க வேண்டும், நீலமோ மஞ்சளோ ஆகாது.

முதலாவது ஸ்டெல்த்: டால், எத். இரண்டு துளைக் கவசம், லெவல் 17. ஓட்டம், மந்திர வேகம், அடிபட்டு மீளும் வேகம் மூன்றும் 25% வீதம். இரண்டு ரூனையும் நார்மல் கவுண்டஸிடமே தேடலாம். ஆக்ட் 1, பிளாக் மார்ஷில் உள்ள கோபுரத்தின் ஐந்தாம் அடித்தளம் அவளுடையது. நார்மலில் அவள் தரும் உச்ச ரூன் ரால்.

இரண்டாவது ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜ்: ரால், ஓர்ட், டால். மூன்று துளைக் கேடயம், லெவல் 21. நெருப்பு, மின்னல், நஞ்சுத் தடுப்பு 48% வீதம், குளிர் 43%. இந்த மூன்று ரூனையும் நார்மல் ஆக்ட் 5இல் வீரர்களை மீட்கும் பணிக்குக் குவால்-கெக் தருகிறார். கொடுக்கிற அடுக்கிலேயே பொருத்திவிடாதீர்கள், ரால்தான் முதலில். ஸ்ட்ரெங்த் 34 கேட்கும் லார்ஜ் ஷீல்ட் போதும்.

மூன்றாவது ஸ்பிரிட்: டால், துல், ஓர்ட், ஆம்ன். நான்கு துளை வாள் அல்லது கேடயம், லெவல் 25. எல்லாத் திறனுக்கும் +2, மந்திர வேகம் 25 முதல் 35% வரை, மானா 89 முதல் 112 வரை, விடாலிட்டி 22. சோர்சரஸின் வாழ்வே இதில் மாறும். வாளுக்குக் கிரிஸ்டல் ஸ்வார்ட் தேடுங்கள், ஸ்ட்ரெங்த் 43. துளையில்லாத வாளை ஆக்ட் 5இன் லார்சுக்கிடம் கொடுத்தால், அந்த வாளுக்குள் மறைந்திருக்கும் பொருள் லெவலுக்கு ஏற்ற உச்சத் துளையைப் போடுவார். பொருள் லெவல் 26 முதல் 40 வரை என்றால் 4, 41இலிருந்து 6. ஆறு துளை விழுந்த வாளில் ஸ்பிரிட் பிறக்காது, லார்சுக் அந்தக் கடினநிலைக்கு ஒரே ஒருமுறைதான் செய்வார். ஹெல்லில் கிடைத்த வாளை நீட்டி ஏமாறுபவர் நிறைய. நைட்மேரின் முதல் சில பகுதிகளில் கிடைத்ததைக் கொடுங்கள். ரூன் குறைந்தால் ஹொராட்ரிக் கியூபில் (பொருள்களைக் கலந்து மாற்றும் பெட்டி) மூன்று ராலுக்கு ஓர்ட், மூன்று ஓர்ட்டுக்குத் துல். மூன்று துல்லோடு உடைந்த டோபாஸ் சேர்த்தால் ஆம்ன்.

நான்காவது இன்சைட்: ரால், டிர், டால், சோல். நான்கு துளைப் போல்ஆர்ம் (நீள்கைப்பிடி ஆயுதம்), லெவல் 27. இது உங்களுக்கல்ல, கூலிப்படையாளுக்கு. அவன் கையில் இருந்தால் உங்கள் மானா ஊற்றுப்போல ஏறிக்கொண்டே இருக்கும். எனர்ஜியில் புள்ளி வேண்டாம் என்றது இதை நம்பித்தான். ஸ்பியர் வேறு, போல்ஆர்ம் வேறு. ஆக்ட் 2 ஆள் இரண்டையும் பிடிப்பான், இவ்விரண்டில் இன்சைட் போல்ஆர்மில்தான் உருவாகும். 'ஈதீரியல்' என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அடி கூடுதல், அவன் கையில் அது தேயாது. ஆளை நைட்மேர் ஆக்ட் 2இல் கிரீஸிடம் எடுங்கள்: சோர்சரஸுக்கு ஹோலி ஃப்ரீஸ் உள்ளவன், நெக்ரோமேன்சருக்கு மைட் உள்ளவன்.

ஹெல்லுக்குள் நுழையும் முன்

நைட்மேரில் எல்லாத் தடுப்பிலும் 40 குறையும், ஹெல்லில் 100. உச்ச வரம்பு 75. ஆக்ட் 5இல் ஆன்யாவை மீட்டால் ஒவ்வொரு நிலையிலும் நிரந்தரமாக 10 கூடும். இரண்டு முறை மீட்டு ஹெல் போனால் உங்கள் தொடக்கம் கழித்தல் 80. 75ஐ எட்ட 155 தேவை. கேடயம் 48 தருகிறது, மீதியை மோதிரம், காலணி, பெல்ட், சிறு தாயத்துகளில் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் நிரப்ப முடியாவிட்டால் மின்னலை முதலில் நிரப்புங்கள், நஞ்சைக் கடைசிக்கு விடுங்கள்.

மந்திர வேகத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. சோர்சரஸுக்குப் படிகள் 9, 20, 37, 63, 105, 200. ஆட்டம் விநாடிக்கு 25 சட்டமாக (ஃப்ரேம்) ஓடுகிறது, மந்திரம் போட எடுக்கும் சட்டம் இந்தப் படிகளில் மட்டுமே ஒன்று குறையும். 62% வைத்திருப்பவளும் 37% வைத்திருப்பவளும் ஒரே வேகம்தான், 63 ஆனதும் டெலிபோர்ட் கையில் வேறு மாதிரி இருக்கும். ஸ்பிரிட் வாளில் 30, ஸ்டெல்த்தில் 25 என்றால் 55. மந்திர வேகம் 10% தரும் ஒரு மோதிரம் சேர்த்தால் 65, படி ஏறியாயிற்று. இரண்டாவது மோதிரத்தில் அதையே தேட வேண்டியதில்லை, அந்த இடத்தைத் தடுப்புக்குக் கொடுங்கள்.

தவறாகப் போட்டாயிற்று என்றால்

டென் ஆஃப் ஈவில் பணியை முடித்தால் அக்காரா எல்லாப் புள்ளிகளையும் திருப்பித் தருவாள், கடினநிலைக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று. நார்மலில் கிடைப்பதை அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம், அது காலாவதியாகாது. திருப்பி வாங்கும் முன் ஒரு தாளில் புதிய திட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய நொடியில் ஸ்ட்ரெங்த்தும் பழைய நிலைக்கு இறங்கும், அணிந்திருக்கும் கவசமும் வாளும் சிவந்துபோய் வேலை செய்யாது. ஊருக்குள்ளேயே முதலில் ஸ்ட்ரெங்த்தைப் போட்டு, பொருள் எல்லாம் மறுபடி பொருந்தியதைப் பார்த்த பிறகே மீதிப் புள்ளியைத் தொடுங்கள். மூன்றும் தீர்ந்துவிட்டால் ஹெல்லில் நான்கு எசென்ஸ் சேர்க்க வேண்டும். ஆண்டாரியல் அல்லது டூரியலிடம் ஒன்று, மெஃபிஸ்டோ, டயாப்லோ, பால் மூவரிடமும் ஒவ்வொன்று. நான்கையும் கியூபில் போட்டால் டோக்கன் ஆஃப் அப்சொல்யூஷன் வரும். அதன்மேல் வலது பொத்தானை அழுத்தினால் மறுபடி எல்லாப் புள்ளியும் கையில்.